கண்டக்டர் மாசாணத்தின் அகராதி

"லேடீஸ் எறங்கறாங்க, கொஞ்சம் வழி உடுங்க கண்ணு" என்று படிக்கட்டை மறித்து நிற்கும் காலேஜ் பையனின் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, காய்கறிக் கூடையை ஒரு கையால் வாங்கிக் கீழே வைப்பார் மாசாணம். "லேடின்னா என்ன அர்த்தமுங்க தெரியுங்களா அம்மணி? ரொட்டிக்கு மாவு பெசையறவியன்னு அர்த்தம். அந்தக் காலத்து இங்கிலீசு." கூடைக்கார அம்மாள், "நம்மூட்ல களி கிண்டறதோட செரிங்க" என்று சிரித்துக்கொண்டு போவார். மாசாணம் சிரிக்க மாட்டார். அர்த்தம் சொல்லும்போது அவர் முகம், சில்லறை கேட்கும்போது இருப்பதைவிடக் கறாராக இருக்கும். விசிலை ஒருமுறை ஊதிவிட்டு, "ரைட், போலாம்" என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் காந்திபுரத்திலிருந்து கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர் வழியாக ஓடிய அந்தத் தனியார் பஸ்ஸில் போனவர்களுக்கு மாசாணத்தை மறந்திருக்காது. கணபதியில் மில் சங்கு ஊதும். ஷிப்ட் முடிந்தவர்கள் தலைமுடியில் பஞ்சோடு ஏறுவார்கள். சரவணம்பட்டி தாண்டினால் இரண்டு பக்கமும் சோளக்காடு, நடுநடுவே பருத்தி. டிரைவருக்குப் பின்னால் கேசட் பெட்டியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் முடிந்து கேசட்டைத் திருப்பிப் போடும் அரை நிமிட அமைதியில்தான் மாசாணம் தன் வார்த்தைகளை எடுத்து விடுவார்.

"டவுனு டவுனுங்கறமுங்களே, அது மொதல்ல ஊரே இல்லீங்க. வேலி. வேலி கட்டுன எடம்."

"நைஸுன்னு சொன்னா சந்தோசப்படாதீங்க. நானூறு ஐந்நூறு வருசத்துக்கு முந்தி நைஸுன்னா மடையன்னு அர்த்தம்."

"பை பைன்னு கையை ஆட்டறீங்களே தங்கம், அது சாமி பேரு. கடவுள் உங்க கூட இருக்கட்டும்னு நீட்டிச் சொன்னத வெள்ளக்காரன் சுருக்கிச் சுருக்கி ரெண்டெழுத்து ஆக்கிப்போட்டான்."

இத்தனைக்கும் மாசாணம் பத்தாம் வகுப்பில் தவறியது ஆங்கிலத்தில். முப்பத்தொரு மார்க். மற்ற நான்கிலும் நல்ல தேர்ச்சி. அந்த நான்கு மார்க் குறைவைப் பற்றி, ரயிலைக் கோட்டைவிட்டவர் பேசுவதுபோலப் பல வருடம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் உக்கடத்தில் ரசாக் பாயின் பழைய புத்தகக் கடையில் தலையணை அளவுக்கு ஓர் ஆங்கில அகராதி அட்டை இல்லாமல் கிடந்ததைப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில், அது எந்த மொழியிலிருந்து, எந்த அர்த்தத்தில் வந்தது என்று போட்டிருந்தது. "ஏ எழுத்து முழுக்க யாரோ பொட்டலம் மடிச்சுப்புட்டாங்க. பி-யில இருந்து எடுத்துக்க மாசாணம்" என்று ரசாக் தூக்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மாசாணத்தின் ஆங்கிலம் பி-யில்தான் தொடங்கும். கல்லூரிப் பிள்ளைகள் அவரைச் சீண்டுவதற்கென்றே, "ஆப்பிளுக்கு என்னங்ணா அர்த்தம்?" என்பார்கள்.

"ஏ-ல ஆரம்பிக்கற வார்த்தைக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க. வேற கண்டக்டரைப் பாருங்க" என்பார்.

அகராதியில் வார்த்தைகளுக்கு அருகில் 'எல்' என்று ஓர் எழுத்து அடிக்கடி வந்தது. கார் ஓட்டப் பழகுகிறவர்கள் மாட்டும் 'எல்' பலகை போல, இது புதிதாகப் படிக்கிறவர்களுக்கான வார்த்தை என்று அவர் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். அது லத்தீன் என்று சொன்னவர் கிருபா டீச்சர். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவர். இரவு பஸ் போய் நிற்கும் கடைசி ஊரைச் சேர்ந்தவர். முப்பது வயதிருக்கும். அவர் சொன்னதைக் கேட்டதும் மாசாணம் வெட்கப்பட்டு, "ஒரு வருசமா நான் லைசென்ஸ் இல்லாமத்தான் ஓட்டியிருக்கறேனுங்க டீச்சர்" என்றார். டீச்சர் சிரித்தது டிரைவர் வரைக்கும் கேட்டது.

டிரைவர் வேங்கடசாமி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பஸ்ஸில் அதிகம் பேசமாட்டார். மாசாணம் தனக்குள் வைத்திருக்க முடியாத வார்த்தைகளை வேங்கடசாமியிடம்தான் சொல்வார், டீக்கடையில், இரண்டு டிரிப்புகளுக்கு நடுவில். லார்டு என்ற வார்த்தையை அப்படித்தான் சொன்னார்.

"லார்டுன்னா பெரிய பிரபு, ராசான்னு நெனச்சுட்டிருந்தனுங்க. பார்த்தா, ரொட்டியக் காவல் காக்கறவன்னு போட்டிருக்குது. அவ்வளவுதானுங்க. சோத்துப் பானைக்குக் காவல். எங்கப்பன் ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல முப்பது வருசம் பண்ணையத்துக்கு ஆளா இருந்துச்சு. தோட்டத்துக்காரரைப் பண்ணாடின்னுதான் கூப்புடும். அவர் ஊட்டு வாசல்ல சோறு வாங்கத் தூக்குப் போசியோட நிக்கும். அது லார்டுங்கற வார்த்தைக்குப் படம் போட்ட மாதிரி இருந்துச்சுங்க."

வேங்கடசாமி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

வேங்கடசாமியிடமும் சொல்லாத வார்த்தை ஒன்று இருந்தது. 'பி' வரிசையில் இல்லை, பதினாறாவது எழுத்தான இன்னொரு 'பீ'யில். பொழுதுபோகாமல் புரட்டிக்கொண்டிருந்தவர் கண்ணில் 'தமிழ்' என்ற பெயர் பட்டது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த வார்த்தை. ஆசையாகப் படித்தார். பரையா. பறை என்ற சொல்லிலிருந்து வந்தது. பொருள்: எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன். அவருடைய தாத்தா பறை அடித்தவர். உலகம் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒதுக்கப்பட்டவனைக் குறிப்பதற்குத் தன் தாத்தாவின் சாதிப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. புத்தகத்தை மூடிப் பீரோவின் மேல் வைத்தார். ஒரு மாதம் தொடவில்லை. மனைவி சாமியாத்தாள்தான் தூசி தட்டி எடுத்து வந்து, "என்ன, கோவிச்சுக்கிட்டீங்களா அதுகூட? காகிதம் என்னங்க பண்ணும்?" என்று மடியில் வைத்தார்.

இனி அந்தக் கடைசி ஊரைப் பற்றி. பெயர் வேண்டாம். இரவு பஸ் நிற்பது ஊரின் கடைக்கோடியில், காலனிக்கு முன்னால் இருந்த பொட்டலில். காலை ஆறு இருபதுக்கு அங்கிருந்து கிளம்பும். அதனால் முதலில் ஏறுகிறவர்கள் காலனிக்காரர்கள். ஐம்பது சீட்டும் காலியாக இருக்கும் வண்டியில் ஏறி, பின்பக்கமாகப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த நிறுத்தம் கோயில் முக்கு. அங்கே ஊர்க்காரர்கள் ஏறுவார்கள், உட்காருவார்கள். இடம் மீந்துதான் இருக்கும். ஆனாலும் காலனிக்காரர்கள் அன்னூர் வரைக்கும், பதினான்கு கிலோமீட்டர், நின்றபடியே வருவார்கள். அன்னூரில் வெளியூர்க் கூட்டம் ஏறிவிட்டால் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு உட்காரலாம். யாரும் எழுதி வைத்ததில்லை. யாரும் மீறியதும் இல்லை. ஆர்.எஸ்.புரத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தும் கிருபா டீச்சரும் இஸ்திரி போட்ட சேலையோடு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அன்னூர் வரை நின்றுதான் வருவார்.

மாசாணம் ஆறு வருடம் இதைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். அவர் யார் என்று ஊருக்கும் தெரியும். அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர், எல்லாரும் ரைஸ்மில்காரர் என்று சொல்கிற ஐம்பது வயதுக்காரர், டிக்கெட்டுக்கான ரூபாயை மாசாணத்தின் கையில் கொடுக்கமாட்டார். பக்கத்துச் சீட்டின் மேல் வைப்பார். மாசாணம் எடுத்துக்கொள்வார். "ஆகட்டுங்க" என்பார்.

பஸ் என்ற வார்த்தையை அவர் தேடிப் பிடித்தது தொண்ணூற்றைந்தின் ஐப்பசியில். தான் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பெயருக்கு இத்தனை நாள் அர்த்தம் பார்க்கவில்லையே என்று தோன்றிப் பார்த்தார். 'ஆம்னிபஸ் என்பதன் சுருக்கம்' என்று போட்டிருந்தது. ஓ வரிசைக்குப் போனார். லத்தீன். 'எல்லாருக்கும்'. அதில் எல்லார் என்கிற முன்பாதியை வெட்டிவிட்டு, வெறும் 'க்கும்' என்கிற வாலை மட்டும் வைத்துக்கொண்டு உலகமே பஸ் பஸ் என்கிறது. மாசாணத்துக்கு அன்று காலையில் கால் தரையில் பாவவில்லை. கோவில்பாளையத்துக்குப் பக்கத்தில் கேசட் திரும்பும் நேரம் பார்த்து, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பஸ்ஸுன்னா எல்லாருக்கும்னு அர்த்தமுங்க!"

இரண்டு மில் தொழிலாளிகள் கை தட்டினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிருபா டீச்சர் மட்டும் திரும்பிப் பார்த்தார். சரவணம்பட்டியில் கூட்டம் இறங்கிய பிறகு, மாசாணத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்ணா, அன்னூருக்கு அக்கட்ட, எங்கூர்ப் பக்கமும் இது பஸ்ஸுதானுங்களே?"

கேலியாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.  காந்திபுரம் வரும்வரை மாசாணம் யாருக்கும் எந்த அர்த்தமும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதமும் குறைவாகத்தான் பேசினார். பிள்ளைகள் ஆப்பிளைக் கேட்டாலும், "வேலையப் பாருங்க கண்ணு" என்றார்.

தை மாதம் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலை. காலனியில் மயிலாத்தாள் என்று ஒரு பெண். கரும்புக் காட்டில் மண்வெட்டி பட்டுப் பாதம் கிழிந்து, சர்க்கரை வியாதியால் புண் ஆறாமல், மூன்று நாளைக்கு ஒருமுறை கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தார். அதுவரை ஒற்றைக் காலில் நின்றுதான் வந்தார். அன்று ஏறியவர் இரண்டடி வைத்தார், மூன்றாவது அடி வைக்க முடியவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த சீட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கட்டுத் துணியில் ரத்தம் கசிந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோயில் முக்கில் ரைஸ்மில்காரர் ஏறினார். முன்னாலும் பின்னாலும் நாற்பது சீட் காலி. அவர் மயிலாத்தாளின் சீட்டுக்கு நேராக நின்றார்.

"ஏ, எந்திரி."

மயிலாத்தாள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து எழ முயன்றார்.

"உக்காருங்க அம்மணி" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்பது மாசாணத்துக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. 

ரைஸ்மில்காரர் திரும்பினார். "என்னடா சொன்ன?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. சட்டம் இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. ஆறு வருடம் விழுங்கிய பேச்செல்லாம் இருந்தது. ஆனால் மாசாணத்தின் வாயில் வந்தது இதுதான்:

"ஏனுங்க... பஸ்ஸுன்னா எல்லாருக்கும்னு அர்த்தமுங்க."

யாரோ சிரித்தார்கள். ரைஸ்மில்காரருக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "வெள்ளக்காரன் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கானாடா, இவளோட சமமா உக்காரச் சொல்லி?"

"வெள்ளக்காரனுக்கும் முந்திங்க. லத்தீனுங்க அது."

"பத்தாவது பெயிலு நீ. எனக்கு அர்த்தம் சொல்ல வந்துட்டயா? எவன் சொன்னான் இத?"

 வேங்கடசாமி சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தியிருந்தார். அந்த அமைதியில் பின்பக்கத்திலிருந்து கிருபா டீச்சரின் குரல் வந்தது. வகுப்பில் விடைத்தாள் படிக்கிற குரல்.

"அவர் சொல்றது செரிங்க."

கைப்பையை அணைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்த சீட்டுகளுக்கு நடுவே நடந்து வந்தார் டீச்சர். ரைஸ்மில்காரரிடம், "கொஞ்சம் வழி உடுங்க" என்றார். அவர் தன்னை அறியாமல் ஒதுங்கினார். டீச்சர் மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். 

"வேங்கடசாமி, வண்டிய எடுக்கறயா, இல்லையா? இவிய ரெண்டு பேரும் எந்திரிக்காம இந்த வண்டி போகாது" என்றார் ரைஸ்மில்காரர்.

வேங்கடசாமி கண்ணாடியில் பார்த்தபடியே சொன்னார். "நான் விசிலுக்குத்தானுங்க எடுப்பேன். கண்டக்டர் ஊதட்டும்."

ரைஸ்மில்காரர் இறங்கினார். அவரோடு ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். மாசாணம் விசிலை வாயில் வைத்தார். முதல் முறை காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை ஊதினார். வண்டி நகர்ந்ததும், பின்னால் நின்றவர்களில் ஒருவர் உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். அன்னூர் போய்ச் சேரும்போது நின்றுகொண்டிருந்தவர் மாசாணம் ஒருவர்தான்.

நான்காம் நாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "ஊரே சேர்ந்து வந்து நிக்குதப்பா. நீ கேட்டது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அர்த்தம் சொல்றதுக்கா உனக்கு லைன் குடுத்தேன்?" என்றார். மறுபடியும் சொல்லி அனுப்பும்வரை வரவேண்டாம் என்றார். மாசாணம் விசிலை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் நாற்பது நாள். சாமியாத்தாள் நூல் மில்லுக்குக் கூடுதல் ஷிப்ட் போனார். ஒருநாள் சோறு போடும்போது மாசாணம், "உனக்கு எம்மேல வருத்தமா?" என்று கேட்டார்.

"வருத்தந்தான். ஆறு வருசம் கழிச்சுச் சொன்னீங்களே, அதுக்கு" என்றார் சாமியாத்தாள். குழம்பை ஊற்றினார்.

அந்த நாட்களில் காலனிக்காரர்கள் உட்கார்ந்த சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. புதுக் கண்டக்டர் திருப்பூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு எதுவும் தெரியாது. ஊர்க்காரர்கள் தனியார் வண்டியில் ஏறுவதில்லை என்று பேசி முடித்து, ஏழரை மணி அரசு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அது சில நாள் எட்டுக்கு வந்தது, சில நாள் வரவில்லை. மில்லுக்கும் ஆபீஸுக்கும் போக வேண்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆறு இருபதுக்கே திரும்பினார்கள். மாசி கடைசியில் வேங்கடசாமி முதலாளியிடம் போய், "எனக்கு மாசாணத்தோட விசிலுதானுங்க பழக்கம். இந்தப் பையன் ஊதறது பிரேக்குக்கா ஆக்சிலேட்டருக்கான்னு தெரியமாட்டீங்குது" என்றார். முதலாளி சிரித்தார். விசிலை மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்த முதல் நாள், கணபதி வரைக்கும் மாசாணம் எந்த அர்த்தமும் சொல்லவில்லை. அங்கே ஏறிய ஒரு மில் பெண், "என்னங்ணா, ஒரு வார்த்தையும் காணோம்?" என்று கேட்ட பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "டிக்கெட்டு இருக்குதுங்களே, அதுவும் எட்டிகெட்டும், அதானுங்க மரியாதைன்னு சொல்றாங்களே, ரெண்டும் ஒரே வேருங்க" என்றார். வண்டியில் எல்லாரும் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

ரைஸ்மில்காரர் மட்டும் ஏறவில்லை, காரில் போய்வந்தார். சித்திரை முகூர்த்த நாள் ஒன்றில்தான் ஏறினார். கார் பட்டறையில் இருந்ததோ, என்னவோ. கல்யாணக் கூட்டம். வண்டியில் ஒரே ஒரு இடம் காலி. அதன் பக்கத்தில் காலனிக்காரர் ஒருவர், தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரைஸ்மில்காரர் கம்பியைப் பிடித்து நின்றார். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அவருக்கு முழங்கால் வலி என்பது ஊருக்கே தெரியும். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலியிடத்தைப் பார்த்தார். பிறகு மாசாணத்தைப் பார்த்தார். வண்டி முழுக்க மாசாணத்தைத்தான் பார்த்தது. கேசட் ஒரு பக்கம் முடிந்து நின்றிருந்தது.

மாசாணம் டயரில் ஏதோ சத்தம் கேட்பதுபோல முகத்தைச் சுளித்து, படிக்கட்டுக்கு இறங்கி, கம்பியைப் பிடித்து வெளியே சாய்ந்தார். முதுகை வண்டிக்குள் காட்டிக்கொண்டு, பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். உள்ளே சீட்டு அழுந்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும், அடுத்த நிறுத்தம் வரும்வரை, அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.